வலியின் மாண்பை உணர்த்திய மருத்துவர் பால் பிராண்ட்

நோய் இன்னதென்று அறிவதோடு நில்லாது, அது தோன்றிய காரணத்தையும், அதைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செயற்பட வேண்டும் என்பது வள்ளுவப் பெருந்தகை மருத்துவர்க்கு வகுத்த நெறியாகும். இந்நெறியைத் தம் வாழ்நாள் முழுவதும் கைக்கொண்டு, உலகமே ஒதுக்கிய தொழுநோயாளரின் புண்களுக்குக் காரணம் கண்டவர், தமிழகத்தின் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் ஆவார். அவர் வேலூரில் கண்ட உண்மை, பின்னர் கடல் கடந்து சென்று நீரிழிவு நோயாளரின் கால்களைக் காக்கும் மருத்துவத்திற்கு அடிப்படையாயிற்று. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவராக இருப்பதாக 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகின்றது. எனவே இப்பெருமகனாரின் வரலாறு நம் இல்லங்கள் ஒவ்வொன்றோடும் தொடர்புடையது எனலாம்.

கொல்லிமலைக் குழந்தை

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஜெஸ்ஸி பிராண்ட், தாயார் ஈவ்லின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்து, கொல்லிமலையில் சமயப் பணியும் மருத்துவப் பணியும் ஆற்றியவர்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் ஏறத் தயங்கிய மலை அது. அங்கே மலைவாழ் மக்களின் பிள்ளைகளோடு மரமேறியும் ஓடையில் விளையாடியும் பால் வளர்ந்தார். தமிழ் அவருக்கு விளையாட்டு மொழியாக அமைந்தது.

தந்தையார் தம்மிடம் வருவோரின் நரம்புச் சிலந்திப் புண்களைக் கீறிச் சீழ் நீக்கி மருந்திடுவார். அக்காட்சி சிறுவனுக்கு அருவருப்பையே தந்தது. ஒருநாள் தொழுநோயாளர் மூவர் மலையேறி வந்தனர். தந்தையார் கையுறை அணிந்து, அவர்களின் கால்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். எல்லாரையும் இன்முகத்தோடு வரவேற்கும் பெற்றோர், அன்று மட்டும் பிள்ளைகளை அருகே வரவேண்டாம் எனத் தடுத்ததைப் பால் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். அந்த அச்சத்தை வென்றதே அவருடைய வாழ்க்கையின் வெற்றி ஆயிற்று.

ஒன்பது வயதில் கல்விக்காக அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்றார். 1929ஆம் ஆண்டு தந்தையார் கொல்லிமலையிலேயே கருநீர்க் காய்ச்சலால் மறைந்த செய்தி, கடல் கடந்து அவரை எட்டியது. தாயார் ஈவ்லின் கணவரை இழந்த பின்னும் மலைமக்களை விட்டு அகலாது, 1974ஆம் ஆண்டு தம் 95ஆம் வயதில் இயற்கை எய்தும் வரை தொண்டாற்றினார்.

கொத்தனாராக இருந்து மருத்துவராக

இளமையில் புண்ணையும் குருதியையும் கண்டு வெறுப்புற்ற பால், மருத்துவம் பயில விரும்பவில்லை. கட்டடத் தொழிலைக் கற்கச் சென்று, தச்சு வேலையையும் கல்வேலையையும் சில ஆண்டுகள் முறையாகப் பழகினார். உளியின் கூர்மையையும் மரத்தின் போக்கையும் கையால் உணரக் கற்ற அப்பயிற்சி வீண்போகவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம். வெளிநாட்டுப் பணிக்கு ஆயத்தமாவதற்காக அடிப்படை மருத்துவப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தபோது, சாகும் நிலையிலிருந்த ஒருவர் குருதி ஏற்றப்பெற்று உயிர்த்தெழுந்ததைக் கண்டார். அக்காட்சி அவர் மனத்தை மாற்றியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்கு நடுவே அறுவை மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றார். உடன் பயின்ற மார்கரெட் அம்மையாரை 1943ஆம் ஆண்டில் மணந்தார். கண் மருத்துவராகிய அவ்வம்மையார் தொழுநோயாளரின் கண்களைக் காப்பதில் தனிப்புகழ் பெற்றவர்.

ஒரு கைகுலுக்கல்

1946ஆம் ஆண்டு பால் பிராண்ட் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவ ஆசிரியராக வந்து சேர்ந்தார். தொழுநோய் அறிஞர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே மடங்கிய விரல்களும் குறைந்த விரல்களுமாகப் பலர் இருந்தனர். கைகள் ஏன் இவ்வாறு ஆகின்றன என்று பிராண்ட் வினவினார். எலும்பு மருத்துவர் எவரும் இதுவரை இந்நோயாளரை ஆராய முன்வரவில்லையே என்று காக்ரேன் வருந்தினார்.

அப்போது பிராண்ட் ஒரு நோயாளியின் வளைந்த கைக்குள் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலுவற்றிருக்கும் என எண்ணிய அக்கை இரும்புப் பிடியாகப் பற்றியது. நோயாளி எவ்வளவு வலிமையாக அழுத்துகிறோம் என்பதை உணராமலேயே அழுத்தினார். அந்த நொடியில் பிராண்டுக்கு இரண்டு உண்மைகள் விளங்கின. கையின் தசைகள் அனைத்தும் அழிந்துவிடவில்லை; நல்ல தசைகள் எஞ்சியுள்ளன என்பது ஒன்று. உணர்ச்சியற்ற வலிமை தன்னையே காயப்படுத்திக் கொள்ளும் என்பது மற்றொன்று.

முதல் உண்மையைக் கொண்டு அவர் அறுவை மருத்துவத்தில் புதுவழி கண்டார். செயலிழந்த தசைக்குப் பதிலாக, முன்கையில் நன்னிலையில் உள்ள தசையின் நாணை எடுத்து விரல்களோடு பொருத்தினார். ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்த கைகள் திறந்தன. தச்சுத் தொழிலில் பழகிய விரல்கள் இப்போது மனிதக் கைகளைச் செப்பனிட்டன. 1952ஆம் ஆண்டு லண்டன் அரசு அறுவை மருத்துவக் கல்லூரியில் இதுபற்றி அவர் சிறப்புரை ஆற்றினார். 1960இல் லாஸ்கர் விருதும், 1961இல் பிரித்தானிய அரசின் சி.பி.இ. விருதும் அவரை வந்தடைந்தன. எனினும், இரண்டாம் உண்மையே மனித குலத்திற்கு அவர் அளித்த பெருங்கொடை என்று துணிந்து கூறலாம்.

புண்ணின் காரணம் தேடி

தொழுநோய் தசையை அழுகச் செய்து விரல்களை உதிர்க்கின்றது என்றே மருத்துவ உலகமும் நெடுங்காலம் நம்பியது. அந்நோயாளரின் சதை ஆறாத சதை என்ற கருத்தும் நிலவியது. ஆனால், தாம் செய்த அறுவைக் காயங்கள் மற்றவர்க்கு ஆறுவது போலவே இவர்களுக்கும் ஆறுவதைப் பிராண்ட் கண்டார். கிருமி முற்றும் நீங்கிக் குணமடைந்தவர்க்கும் புதிய புண்கள் தோன்றின. அப்படியாயின் புண்ணுக்குக் காரணம் யாது என அவர் சிந்தித்தார்.

ஒருநாள் களஞ்சிய அறையின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க அவரால் இயலவில்லை. அருகிலிருந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகலில் திறந்துவிட்டான். தரையில் குருதித் துளிகள் விழுந்தன. சாவி அவன் விரலை எலும்பு தெரியக் கிழித்திருந்தது. சிறுவனோ அதை அறியவே இல்லை. அன்று முதல் பிராண்ட் ஒவ்வொரு நோயாளியின் ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டா எனத் துருவி ஆராய்ந்தார். அடுப்பில் சுடுசட்டியை வெறுங்கையால் எடுத்தவர், காலணிக்குள் கிடந்த ஆணியோடு நாள் முழுதும் நடந்தவர், சுடுவிளக்கின் மீது கைபட்டும் உணராதவர் எனக் காரணங்கள் வரிசையாக வெளிப்பட்டன.

குணமடைந்தோர் தங்கித் தொழில் பழகுவதற்காக வேலூரில் அவர் அமைத்த குடியிருப்பில் வேறொரு புதிர் எழுந்தது. இரவில் இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. கண்விழித்துக் காவலிருந்தபோது, உறங்குவோரின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடிப்பது தெரியவந்தது. அதன் பின் வீடு திரும்பும் நோயாளிக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்தனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. கேட்கச் சிறிதாகத் தோன்றினும், காரணத்தைக் கண்டோர்க்கே இத்தகைய எளிய மருந்து கைவரும்.

வலி என்பது இறைவன் மனிதனுக்கு வைத்த காவலன் என்ற முடிவுக்குப் பிராண்ட் வந்தார். ஒருமுறை இங்கிலாந்தில் நெடும்பயணம் முடித்துக் காலுறையைக் கழற்றியபோது, தம் குதிகாலில் உணர்ச்சி இல்லை என அவருக்குத் தோன்றியது. தமக்கும் தொழுநோய் தொற்றிவிட்டதோ என அஞ்சி இரவெல்லாம் உறங்காதிருந்தார். விடிந்ததும் ஊசியால் குத்திப் பார்த்தார். வலித்தது. வாழ்நாளில் அவர் அத்துணை மகிழ்ச்சியோடு வலியை வரவேற்றதில்லை.

மாவுக்கட்டும் மென்காலணியும்

உள்ளங்காற் புண் ஆறாமைக்குக் காரணம், நோயாளி அதன்மீதே நடந்துகொண்டிருப்பதுதான். வலியுள்ளவன் நொண்டி நடந்து புண்ணுக்கு ஓய்வு தருகிறான். வலியற்றவன் எப்போதும் போல் மிதிக்கிறான். இதற்குத் தீர்வாக, எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டைக் காலோடு இறுகப் பொருந்துமாறு போட்டு, அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பாதம் முழுதும் பரவச் செய்யும் முறையைப் பிராண்ட் கையாண்டார். 1930களிலேயே இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் இம்முறையைப் பயன்படுத்தியிருந்தார். அதனை வளர்த்துப் பிற்காலத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்ற பெருமை பிராண்டையே சாரும்.

புண் ஆறிய பின் அது மீண்டும் வாராமல் காக்கக் காலணி வேண்டும். வேலூரிலும், 1955இல் தோன்றிய கரிகிரி ஆராய்ச்சி மருத்துவமனையிலும், நுண்துளைகள் கொண்ட மென்ரப்பரால் ஆன செருப்புகள் உருவாயின. எம்.சி.ஆர். செருப்பு என வழங்கும் அதுவே இன்று நீரிழிவு நோயாளர்க்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் செருப்பாகும்.

நீரிழிவுக்குச் சென்ற வேலூர்ப் பாடம்

1966ஆம் ஆண்டு பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்னும் இடத்திலிருந்த தேசியத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே நீரிழிவு நோயாளரின் பாதங்களை ஆராய்ந்தபோது அவர் வியப்புற்றார். அதே இடங்களில் அதே புண்கள். எக்ஸ்ரே படங்களிலும் அதே எலும்புத் தேய்வு. நீரிழிவுப் புண்ணுக்குக் குருதியோட்டக் குறைவே காரணம் என்றும், காலை அகற்றுவதே முடிவு என்றும் பெரும்பாலோர் கருதிய காலம் அது. குருதியோட்டக் குறைவும் ஒரு காரணமே. ஆயினும், பலருக்கு முதற்காரணம் நரம்பு மரத்துப் போதலே என்று பிராண்டும் அவர்தம் குழுவினரும் எடுத்துக்காட்டினர்.

எலிகளின் உணர்வற்ற பாதங்களில் மிதமான அழுத்தத்தை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை செலுத்தியபோது, சில நாட்களில் அப்பகுதி சூடேறி வீங்கிப் பின்னர்ப் புண்ணாயிற்று. எனவே, ஆணியோ முள்ளோ தைக்காமலே, அன்றாட நடையே புண்ணை உண்டாக்கும் என்பதும், புண் தோன்றுமுன் அவ்விடம் சுடும் என்பதும் தெளிவாயின. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு, உணர்ச்சி உள்ளதா என அறியும் எளிய சோதனையும் கார்வில் மருத்துவமனையில் செப்பம் பெற்று உலகெங்கும் பரவியது.

வலிக்கு மாற்றாக ஒரு கருவி செய்ய முடியுமா எனவும் அவர் முயன்றார். அழுத்தத்தை உணர்ந்து ஒலி எழுப்பும் கையுறைகளும் காலுறைகளும் செய்யப்பெற்றன. நோயாளர் அவ்வொலியைத் தொல்லையாகக் கருதி நிறுத்திவிட்டனர். இறைவன் அமைத்த வலிக்கு ஈடான காவலை மனிதன் இன்னும் அமைக்கவில்லை என்ற பணிவோடு அவர் அம்முயற்சியைக் கைவிட்டார்.

புண்வழி புகும் பகைவர்

உணர்வற்ற புண்ணுக்கு நீரிழிவாளர் ஏன் மிகுதியும் அஞ்ச வேண்டும் எனின், அதன்வழிப் புகும் நுண்ணுயிர்களே காரணம். குருதியில் சர்க்கரை மிகும்போது கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் தளர்கின்றன. நம் முன்னோர் ராஜபிளவை என அஞ்சிய முதுகுக் கட்டி, சீழ்க்கிருமி ஒன்றால் நீரிழிவாளர்க்கு மிகுதியாக வருவதாகும். விரலிடுக்கில் தோன்றும் சேற்றுப்புண் போன்ற ஒருவகைத் தொற்று, புறஊதா விளக்கொளியில் பவளம்போற் சிவந்து ஒளிரும். அதுவும் பாக்டீரியாவின் வேலையே. சிறு வெடிப்பில் தொடங்கித் தசையுறை வழியே மணிக்கணக்கில் பரவி உயிரைப் பறிக்கும் அழுகலும் உண்டு.

அரிதான சில தொற்றுகள் கடற்கரை மக்களும் வேளாண் மக்களும் அறிய வேண்டியவை. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிபிகஸ் என்னும் பாக்டீரியா, காலிலுள்ள காயத்தின் வழியே புகுந்து, நீர்க்கொப்புளங்களோடு விரைந்து பரவவல்லது. கல்லீரல் நோயும் நீரிழிவும் உடையோர்க்கு அது பேரிடர் விளைக்கும். ஈரமண்ணிலும் சேற்றுநீரிலும் வாழ்ந்து மெலியாய்டோசிஸ் என்னும் நோயைத் தரும் பாக்டீரியாவை, 1911ஆம் ஆண்டில் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்னும் இரு மருத்துவர்கள் கண்டறிந்தனர். தோலில் கட்டியாகவோ ஆறாப் புண்ணாகவோ, நுரையீரல் நோயாகவோ அது வெளிப்படும். காசநோய் என மயங்குதலும் உண்டு. அதற்கு ஆளாவோருள் நீரிழிவாளரே பெரும்பங்கினர். தமிழகத்திலும் 1990கள் முதல் வேலூர் மருத்துவர்கள் அந்நோயைக் கண்டறிந்து எழுதியுள்ளனர். வழக்கமான மருந்துக்கு ஆறாத புண்ணின் சீழை ஆய்வுக்கு அனுப்பிக் கிருமி இன்னதென அறிந்து மருந்திட வேண்டும் என்பது இவற்றால் பெறப்படும் பாடமாகும்.

நம் கரைக்கு இதன் பொருள்

ஆறுமுகநேரியின் உப்பளங்களில் விடியுமுன் இறங்கி, கடும் உப்புநீரில் நின்று பாத்தி மிதித்து உப்பு வாரும் தொழிலாளரின் பாதங்களை நாம் அறிவோம். பித்தவெடிப்பும் காலாணியும் அவர்தம் வாழ்வோடு ஒன்றிவிட்டவை. வெடிப்பில் உப்பு எரிவது துன்பம். ஆயினும் அவ்வெரிச்சல் ஒரு காவல். நீரிழிவு முதிர்ந்து கால் மரத்த பின் அதே வெடிப்பில் உப்பு எரிவதில்லை. எரியாததை நலம் எனக் கருதுவோர், விரல் கறுத்த பின்னரே மருத்துவமனை வாயிலை மிதிக்கின்றனர். காயல்பட்டினம் முதல் தூத்துக்குடி வரையுள்ள கடற்கரையில் வெறுங்காலோடு வலை இழுப்போர்க்கும் இது பொருந்தும். வழிபாட்டிடங்களின் வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நண்பகல் வெயிலில் சுடுதரையைக் கடக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களுள் மரத்த காலுடையோர், தோல் வெந்து கொப்புளித்த பின்னரே சூட்டை அறிகின்றனர்.

பிராண்ட் கற்பித்த முறை செலவற்றது. நாள்தோறும் இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் கண்ணால் காண வேண்டும். குனிந்து காண இயலாதோர் கண்ணாடியை வைத்தோ, பேரப்பிள்ளைகளைக் கொண்டோ பார்த்தல் நலம். ஒருகால் மற்றதினும் சுடுகின்றதா எனத் தொட்டு அறிய வேண்டும். செருப்பை அணியுமுன் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். காலாணியைப் பிளேடால் அறுத்தலும், மரத்த காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடுத்தலும் கூடாது. புண் கண்டால் அதன்மீது நடவாமல் உடனே மருத்துவரை நாட வேண்டும். ஐவேளையும் ஒளூச் செய்து கால்களைக் கழுவும் நம் பெரியவர்களுக்குப் பாதத்தை நோக்கும் வாய்ப்பு நாளுக்கு ஐந்துமுறை வாய்க்கின்றது. கழுவிய பின் விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்து, ஒருகணம் உற்று நோக்கினால் போதும். ஒரு காலைக் காத்தவராவர்.

இறுதி நாட்கள்

1986இல் கார்வில் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிராண்ட், சியாட்டில் நகரில் வாழ்ந்து, பல நாடுகளுக்கும் சென்று கற்பித்தும் நூல்கள் எழுதியும் வந்தார். வலியைப் பற்றி அவர் பிலிப் யான்சியோடு இணைந்து எழுதிய நூல் 1993இல் வெளிவந்தது. 2003ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் பயிற்றுவித்த மாணவர்கள் வேலூரிலும் கரிகிரியிலும் உலகின் பல பகுதிகளிலும் அப்பணியைத் தொடர்ந்தனர்.

அருவருத்து விலகிய சிறுவன் ஒருவன், அறிவாலும் அன்பாலும் அப்புண்களையே தன் பாடநூலாகக் கொண்டான். யாரும் தொட அஞ்சிய நோயாளரின் பாதங்களில் அவர் கற்றது, செல்வர் வறியவர் என்ற வேறுபாடின்றி நீரிழிவுற்ற கோடிக்கணக்கானோர்க்கு இன்று அரணாக நிற்கின்றது. ஒதுக்கப்பட்டோர்க்குச் செய்யும் தொண்டு ஊர் முழுமைக்கும் திரும்பி வரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. மாணவச் செல்வங்கள் இவ்வரலாற்றைப் படித்ததோடு அமையாது, இன்று இல்லம் திரும்பியதும் தம் பாட்டனார் பாட்டியாரின் பாதங்களை ஒருமுறை பார்ப்பார்களாயின், அதுவே அம்மருத்துவ மேதைக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.